பாட்டுல போட்டுருவேன்

எங்கள் ஊரில் என்னைப் பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ‘மடிப்பு’ என்றால் போதும், நான் திரும்பிப் பார்ப்பேன். காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியர் வேலை, இரண்டு பட்டம், சொந்தச் செலவில் அச்சிட்டு இன்னும் பரண் நிறைய இருக்கும் ஒரு கவிதைத் தொகுப்பு, செக்காலை ரோட்டில் விலை கொடுத்து வாங்கிய மூக்குக்கண்ணாடி, இத்தனை இருந்தும் ஊருக்கு நான் மடிப்புதான். பால்காரர்கூட “மடிப்பு வீட்டுக்கு அரை லிட்டரு” என்றுதான் ஊற்றிவிட்டுப் போகிறார். இந்தப் பட்டத்தை எனக்கு வழங்கியவர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்த ஒரு பெண்மணி.

அவர் பேரை இங்கே சொல்லப்போவதில்லை. அது அவர் போட்ட சட்டம். “பேரச் சொன்னாச் சண்டை வரும். அடையாளத்தச் சொன்னாச் சிரிப்பு வரும்” என்பார். ஊரே அவரை அயித்தை என்று கூப்பிட்டது. எனக்கு அவர் எந்த வழியில் அயித்தை என்று ஒருமுறை அப்பாவிடம் கேட்டேன். அப்பா உற்சாகமாக ஆரம்பித்து, கொள்ளுத்தாத்தாவின் இரண்டாம் சம்சாரத்தில் வழி தவறிப்போய், “மொறதேன், விடுறா” என்று முடித்துக்கொண்டார்.

கோவிலூரைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் வரும். பருப்பு வேக வேண்டுமானால் இன்றும் ஊரணிதான். மேட்டுக்காட்டில் பெய்கிற மழை ஒரு வரத்துக்கால் வழியாக ஓடிவந்து அதில் சேரும். அந்தக் கால் கெட்டால் ஊரணி கெட்டது, ஊரணி கெட்டால் எங்கள் சாம்பார் கெட்டது. அதோடு முளைப்பாரியும் கெட்டது. அம்மன் திருவிழாவுக்குப் பெண்கள் சட்டியில் பயறு விதைத்து வளர்க்கிறார்கள், சாயங்காலம்தோறும் அதை நடுவில் வைத்துச் சுற்றிக் கும்மியடிக்கிறார்கள், கடைசி நாளில் தலையில் தூக்கிக்கொண்டு போய் அந்த ஊரணியில்தான் கரைக்கிறார்கள்.

கும்மியில் ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். எடுத்துக் கொடுத்த பாட்டைத் திருப்பிப் பாடாமல் இருக்கக் கூடாது, அது அம்மனுக்குக் குறை. எங்கள் ஊரில் எடுத்துக் கொடுப்பவர் அயித்தை. அம்மனைப் பாடுவார், மழையைப் பாடுவார். மூன்றாவது சுற்று வந்ததும் ஊர்க்காரர்களைப் பாட ஆரம்பிப்பார். ஊரணிக் கரையில் மாட்டைக் குளிப்பாட்டியவர், பாலித்தீன் பையைக் காற்றில் விட்டவர், குடித்த பாட்டிலைப் படித்துறையில் உடைத்தவர் எல்லோரும் அதில் வருவார்கள். பேர் வராது. ஆனால் ஆள் யாரென்று கைக்குழந்தைக்கும் தெரியும்.

அவர் யாரையும் நேரில் திட்டி நான் கேட்டதில்லை. குப்பையோடு ஊரணிப் பக்கம் போகிறவரைப் பார்த்தால் இடுப்பில் கைவைத்து நின்று, கனிவாக, “பாட்டுல போட்டுருவேன்” என்பார். அவ்வளவுதான். போலீஸுக்குப் பயப்படாதவர்கள்கூடப் பையைச் சுருட்டிக்கொண்டு வந்த வழியே திரும்புவார்கள். அயித்தைக்கு இதில் பெருமை உண்டு, அடக்கமெல்லாம் கிடையாது. “கலெக்டரு போர்டு வச்சாரு, எவன் கேட்டான்? நான் வாயத் தொறந்தேன், ஊரு கேட்டுச்சு” என்று அவரே சொல்லிக்கொள்வார்.

பாட்டுக்கு வெள்ளோட்டம் சத்துணவுக் கூடத்தில் நடக்கும். சாம்பார் கிண்டும்போது கரண்டியைச் சட்டியில் தட்டித் தட்டித்தான் வரிகளைப் பிடிப்பார். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், “அப்பா, இன்னைக்குச் சாம்பாருல நீக வந்தீக” என்பார்கள். அந்த அப்பா பொழுது சாய்வதற்குள் மண்வெட்டியோடு ஊரணிப் பக்கம் போய்விடுவார். பாதிப் பாட்டுகள் இப்படித்தான் பாடப்படாமலே வேலையை முடித்தன.

கறிக்கோழிக் கடைக்காரர் கொஞ்சம் விவரமானவர். தன் பாட்டு கிண்டப்படுகிறது என்று தெரிந்ததும் அரைக்கிலோ ஈரலோடு அயித்தை வீட்டுக்குப் போனார். அயித்தை மறுக்கவில்லை. வாங்கினார், மிளகு போட்டு வறுத்தார், சாப்பிட்டார், பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தார். மறுநாள் சாயங்காலம் பாடினார்:

கோழி உரிக்கிற மச்சானே – உங்க
கூடைய எங்குட்டுக் கொட்டினீக
ஈரலைக் கொடுத்தீக தின்னுபுட்டேன் – அந்த
இறகு தொண்டையில சிக்கிருச்சே

கடைக்காரரின் சம்சாரம் உள்பட எல்லோரும் திருப்பிப் பாடினார்கள். இப்போது அவர் கடைக்குப் பின்னால் குழி வெட்டி இறகைப் புதைக்கிறார். அந்தக் குழிமேல் ஒரு முருங்கை நிற்கிறது, காய் நன்றாக இருக்கிறது.

அவர் பாட்டு தப்பாகவும் போயிருக்கிறது. புதிதாக வந்த ஒரு மருமகள் குழந்தையின் டயப்பரை ஊரணிக் கரையில் வீசினாள் என்று பாடிவிட்டார். அந்தப் பெண் கும்மி வட்டத்திலேயே நின்று அழுதாள். கொல்லையில் புதைக்க மாமியார் விடவில்லை, வேறு போக்கிடம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. மறுநாள் அயித்தை அந்தப் பெண்ணைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மாமியாரைப் பாடினார். பாட்டு முடிந்ததும் எல்லோர் முன்னாலும், “நேத்து ஆள மாத்திப் பாடிட்டேன், மன்னிச்சுக்கத்தா” என்றார். அன்று எனக்கு அவரைப் பார்க்கச் சற்றுப் பயமாகவும் இருந்தது. இத்தனை பெரிய ஆயுதத்தை ஒருவர் வாயில் வைத்துக்கொண்டு திரிகிறாரே என்று நினைத்தேன்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எனக்கும் ஊரணிமேல் அக்கறை இருந்தது. அதைவிட அதிகமாக அயித்தைமேல் பொறாமை இருந்தது. அச்சில் கவிதை வந்தவன் நான், ஊர் கேட்பது சாம்பார் கிண்டுகிறவர் பாட்டை. ஆகவே ஒரு விழிப்புணர்வுப் பாடல் எழுதினேன். ‘சூழலியல் சீர்கேட்டைச் சுட்டெரிப்போம் வாரீர்’ என்று தொடங்கும். அதை அயித்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மரியாதையாக வாங்கி, கைதட்டிப் பாடிப் பார்த்தார். தட்டிய கை அந்தரத்தில் நின்றது.

“வாத்தியாரே, கைய எங்குட்டுத் தட்டுறது?”

“அது விருத்தம் மாதிரி, அயித்தே.”

“நல்லாத்தேன் எழுதியிருக்கீக. ஆனா இதுல ஆளே இல்லையே. பொதுவாச் சொன்னா, அவனவன் அடுத்தவனச் சொல்றதா நெனச்சுக்கிட்டு நல்லாக் கைதட்டுவான்.”

நான் விடவில்லை. அந்தப் பாடலைப் பெரிய பலகையில் எழுதி ஊரணிக் கரையில் நட்டேன். அந்த வாரமே யாரோ கரையில் கிடந்த பிளாஸ்டிக்கையெல்லாம் கூட்டி அள்ளிப் பலகைக்குக் கீழே குவித்துத் தீ வைத்தார்கள். ஊரே இருமியது. விசாரித்தபோது, “நீகதான சுட்டெரிக்கச் சொன்னீக” என்றார்கள். பலகையும் சேர்ந்து எரிந்துவிட்டது. தமிழ் இலக்கியத்துக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை.

அடுத்து, ஊரணியைச் சுத்தம் செய்ய ஒரு முகாம் நடத்தினேன். இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் சேற்றில் இறங்கினார்கள். நான் அயர்ன் செய்த வெள்ளைச் சட்டையில் மம்பட்டியைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்க நின்றேன். பிறகு நன்றியுரை இருந்தது, தொண்டை கட்டிவிடக் கூடாதே என்று சேற்றில் இறங்கவில்லை. அந்த ஆண்டு முளைப்பாரியில் என்னைப் பாராட்டி ஒரு பாட்டு வரும் என்று நிச்சயமாக நம்பி, கும்மி நடக்கும் இடத்தில் முன்வரிசையில் போய் நின்றேன். வந்தது.

மம்பட்டி பிடிச்ச வாத்தியாரு – அவரு
மண்ணைத் தொடலையே பாத்தீகளா
கும்பலா நின்னு போட்டோ எடுத்தாரு – சட்டை
கொஞ்சமும் மடிப்புக் கலையலையே

வட்டத்தில் என் மனைவியும் இருந்தாள். அவள் குரல்தான் தனியாகக் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவ்வளவு சந்தோஷமாகப் பாடி நான் கேட்டதில்லை.

மறுநாளே போய்க் கேட்டேன். “அயித்தே, அந்தப் பாட்ட மாத்துங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வரைக்கும் பாடுதுக.”

“மாத்திட்டாப் போச்சு. சட்ட கசங்குற அன்னைக்கு வாங்க, மாத்திப் பாடுறேன்.”

எனக்குக் கசங்கிய சட்டை என்றால் மூச்சு முட்டும். ஆனாலும் ஆசை யாரை விட்டது? ஒருநாள் ஒரு சட்டையை நன்றாகக் கையில் கசக்கி, கொஞ்சம் புழுதியும் தேய்த்துக்கொண்டு சத்துணவுக் கூடத்து வாசலில் போய் நின்றேன். அயித்தை கரண்டியை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“கையில கசக்குனதுக்கும் வேலையில கசங்குனதுக்கும் எனக்கு வித்தியாசந் தெரியாதா? வாங்க, வந்ததுக்கு ஒரு வாய் சாம்பாரு ருசி பாத்துட்டுப் போங்க.”

சாம்பார் நன்றாக இருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அயித்தைக்கு ஒரே மகள். கணவர் முன்பே போய்விட்டார். மகளைக் கானாடுகாத்தான் பக்கத்தில் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை கழிவுநீர் லாரி வைத்திருந்தார். அந்தப் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவும் ஹோட்டலாகிவிட்டதால் அவருக்கு ஓய்வில்லாத தொழில். கல்யாணமான புதிதில் ஏதோ தகராறில் மகள் பெட்டியோடு வந்துவிட்டாள். அயித்தைதான் கொண்டுபோய் விட்டு, மாப்பிள்ளை காலில் விழாத குறையாகப் பேசிச் சேர்த்துவைத்தார். அதிலிருந்து மாப்பிள்ளை வந்தால் அயித்தையின் குரலே இறங்கிவிடும். கோழி அடிப்பார், கதவோரம் நின்று பேசுவார். ஊரையே ஆட்டிவைத்த வாய் மாப்பிள்ளை முன்னால் “சரிங்க, ஆகட்டுங்க” என்பதோடு நின்றுவிடும்.

ஒரு முளைப்பாரிக்கு விதை போட்டிருந்த சமயம். ஒருநாள் விடியற்காலையில் ஒரு லாரி எங்கள் வரத்துக்காலில் கழிவைத் திறந்துவிட்டுப் போய்விட்டது. ஆடு ஓட்டிப் போனவர் பார்த்திருக்கிறார். குடத்தோடு போன அயித்தையும் பார்த்திருக்கிறார். கால் அப்போது காய்ந்து கிடந்தது, கழிவு அங்கேயே தேங்கி நாறியது. ஒரு மழை பெய்தால் அத்தனையும் ஊரணிக்குள் வரும். வானம் வேறு கருக்கூட்டிக்கொண்டிருந்தது. யார் லாரி என்று ஊருக்கே தெரியும். “நீக பாத்தீகளா அயித்தே?” என்று கேட்டவர்களிடம் அவர், “நான் காணலையே” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அன்றிலிருந்து சத்துணவுக் கூடத்தில் கரண்டிச் சத்தம் இல்லை. பிள்ளைகள் வந்து, “அயித்த பாடவே இல்ல, சாம்பாருல உப்பு” என்றார்கள். பாடினால் மகள் மறுபடி பெட்டியோடு வந்து நிற்பாள். பாடாவிட்டால் ஊரணி போய்விடும். அது மட்டுமில்லை, அதற்குப் பிறகு அவர் யாரையும் பாட முடியாது. ஊருக்குத்தான் உபதேசம் என்று கறிக்கடைக்காரரே முதலில் சொல்வார்.

நான் பெருந்தன்மையானவன் இல்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. என் மடிப்பைப் பாடியவர் மாப்பிள்ளையை என்ன செய்கிறார் பார்க்கலாம் என்று, சட்டையை இன்னொரு முறை அயர்ன் செய்து போட்டுக்கொண்டு சாயங்காலம் கோயில் திடலுக்குப் போனேன். அன்று கூட்டம் அதிகம். என்னைப் போன்ற நல்லவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள்.

மாப்பிள்ளை திருவிழாவுக்கு வந்திருந்தார். முன்னால் நாற்காலி போட்டு, கையில் கலர் பாட்டில் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். மகள் கும்மி வட்டத்தில் நின்றாள். அம்மன் பாட்டு முடிந்தது, மழைப் பாட்டு முடிந்தது. மூன்றாவது சுற்று வந்தது. அயித்தை முந்தானையை இழுத்துச் செருகினார். மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. சட்டிகளில் வெளுத்து வளர்ந்திருந்த முளையைப் பார்த்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்:

ஊரை எல்லாம் பாடினவ – இன்னைக்கு
உமியத் தின்னவ போலிருக்கா
யாரை நினைச்சு நிக்கிறான்னு – அவள
நாலு பேரு கேளுங்கடி

பொண்ணக் கொடுத்த வீட்டுக்காக – அவ
பூட்டுப் போட்டாளாம் வாயிக்கு
கண்ணுல பாத்த லாரியத்தான் – அவ
காணலை காணலைன்னாளாம்

யாரும் திருப்பிப் பாடவில்லை. அயித்தையைப் பார்த்தே அயித்தையை எப்படிப் பாடுவது? பெண்கள் கையை மடக்கிக்கொண்டு நின்றார்கள். அயித்தை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

“என்னடி பாக்குறீக? ஊருக்கெல்லாம் ஒரு பாட்டு, எனக்கு ஒரு பாட்டா? பிடிங்கடி!”

குரல் உடைந்திருந்தது. அப்போதும் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு கை மட்டும் தட்டியது. மகள்தான். தலையைக் குனிந்துகொண்டு, கண்ணீர் வழிய, ‘பொண்ணக் கொடுத்த வீட்டுக்காக’ என்று அவள் ஆரம்பித்தாள். அடுத்து என் மனைவி. அதன் பிறகு வட்டம் முழுவதும் அந்தப் பாட்டை வாங்கிச் சுற்றியது. நான் கெக்கலி கொட்டத்தான் வந்திருந்தேன், கொட்டவில்லை.

மாப்பிள்ளை எழுந்தார். பாட்டிலைக் கீழே வைத்தார். மகளிடம் போய், “வாரியா, இல்லையா?” என்றார்.

“பாட்டு முடியட்டும்” என்றாள் அவள்.

அவர் திகைத்துப்போனார். அயித்தைப் பக்கம் திரும்பி, “இனிமே இந்த ஊருத் தண்ணி என் தொண்டையில எறங்காது” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சொல்லிவிட்டுப் போய்த் தம் பைக் பக்கத்தில் நின்றார். பாட்டு முடிகிறவரை நின்றார். பிறகு இருவரும் ஒரே பைக்கில்தான் போனார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அயித்தை கீழே உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் வரத்துக்காலில் ஒரு பொக்லைன் நின்று கழிவைச் சுரண்டி அள்ளிக்கொண்டிருந்தது. யார் அனுப்பியது என்று ஓட்டுநர் சொல்லவில்லை, அயித்தை கேட்கவும் இல்லை. மிச்சத்தை ஊர்க்காரர்கள் இறங்கி அள்ளினார்கள். நானும் போயிருந்தேன். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். முளைப்பாரி கரைத்த பிறகுதான் மழை பெய்தது. லாரி அதன் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை, நகராட்சி காட்டிய இடத்துக்குத்தான் போகிறது என்று மகள் வந்து சொன்னாள். அவள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தாள். மாப்பிள்ளை வரவில்லை. ஒவ்வொரு திருவிழாவுக்கும் அயித்தை கோழி வாங்கினார். மத்தியானம்வரை ரோட்டைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் அடிப்பார். “மாப்பிள்ள வருவாருங்கிறீகளா, வாத்தியாரே?” என்று ஒருமுறை என்னிடம் கேட்டார்.

சென்ற மாசியில், சமைத்துக்கொண்டிருந்தபோதே அயித்தை சாய்ந்துவிட்டார்.

மாப்பிள்ளை வந்தார். வாசலோடு நின்றார். உடலைக் குளிப்பாட்ட ஊரணியிலிருந்து குடத்தில் தண்ணீர் எடுத்து வர வேண்டும், நீர்மாலை என்போம். மகன் இல்லாத வீடு என்பதால் பங்காளி ஒருவர் குடத்தை எடுக்கப் போனார். மாப்பிள்ளை கையை நீட்டி, “குடுங்க” என்று வாங்கிக்கொண்டார். பங்காளி விலகி வழிவிட்டார். குடத்துக்கு மேலே வேட்டி பிடித்துப் போகும் நாலு பேரில் நானும் ஒருவன். சாவு வீட்டுக்கும் அயர்ன் செய்த சட்டையில்தான் போயிருந்தேன்.

மாப்பிள்ளை படியில் இறங்கிக் குடத்தை முக்குவதற்கு முன்னால் குனிந்தார். ஒரு கை தண்ணீரை அள்ளினார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குடித்தார். இன்னொரு கை அள்ளிக் குடித்தார். பிறகு குடத்தை நிரப்பித் தோளில் ஏற்றித் திரும்பியபோது பாசியில் கால் வழுக்கியது. நான் வேட்டியை விட்டுவிட்டுப் பாய்ந்து அவரைத் தாங்கினேன். குடம் தப்பியது. நான் இடுப்புவரை சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

“மடிப்புக் கலஞ்சு போச்சே, வாத்தியாரே” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் யாரோ துண்டு கொடுத்தார்கள், சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. சேறு சொட்டச் சொட்டப் போய் அயித்தையின் தலைமாட்டில் நின்றேன். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

“அயித்தே, கையில கசக்கல” என்றேன். “வேலையில கசங்குனது.”